நாய் எடுக்கிற வீடு

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் நாகலெட்சுமி வீடு எது என்று கேட்டால், எந்த நாகலெட்சுமி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரே லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தால் வேறு என்ன கேட்பார்கள்? நாய்க்கார நாகலெட்சுமி என்றால் மட்டும் கொட்டகலை பஸ் நிலையத்தில் கடலை விற்கிறவன்கூடக் கையை நீட்டி வழி சொல்லுவான். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, ஐம்பது தாண்டியும் இறக்கிவைக்க முடியாத ஒருத்திக்கு வேறு என்ன பட்டம் கிடைத்தது, சொல்லுங்கள்.

நாய்கள் தாமாக வரவில்லை. கொண்டுவந்து விட்டார்கள். சொறி பிடித்தது, லொறியில் அடிபட்டது, குட்டி போட்டுப் போட்டு மடி தரையில் இழுபடுவது என்று எத்தனையோ. டவுனில் மாடி வீடு கட்டினவர்கள் குட்டியில் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் தோட்டத்து ரோட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். தேயிலையைத் தின்று நாய் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ. எல்லாம் கடைசியில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில்தான் வந்து விழுந்தன. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் தேங்காய் எண்ணெயில் கந்தகம் குழைத்துச் சொறிக்குப் பூசுவாள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கை கழுவுகிற கையோடு, கோதுமை மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள். தனக்குச் சம்பல் இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் பார்ப்பாள்.

தேறியதும் ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிடுவாள். வீடு என்றால் பெரும்பாலும் ஒரே வீடுதான். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்த வீரய்யா, எந்த நாயைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வான். கண் இல்லாவிட்டாலும் சரி, கால் இல்லாவிட்டாலும் சரி. நாகலெட்சுமியின் புருஷன் செல்லசாமியுடைய ஒற்றைப் பசுவும் அந்தப் பட்டியில்தான் நின்றது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது மேலேயிருந்து உருண்ட கல் செல்லசாமியின் முழங்காலை உடைத்த பிறகு தோட்டத்தில் அவனுக்கு வேலைக்குப் பேர் போடுவதில்லை. விடிய முன்னம் நொண்டி நொண்டி மேலே ஏறிப் பால் கறப்பது ஒன்றுதான் அவன் வேலை. போகிற வழியில் நாயையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய் விட்டுவிடுவான். நாகலெட்சுமி மேலே போவதே இல்லை. நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவளுக்கு ஓய்வு நாளிலும் ஏறச் சொன்னால் முழங்கால் கேட்குமா?

செவப்பி போன வருஷம் வைகாசி மழையில் வந்தாள். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் எலும்புக்கு நின்றவளின் முதுகில் யாரோ கொதிக்கிற தண்ணீரைக் கேத்தலோடு கவிழ்த்திருக்கிறார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிற அழகுமுத்துதான் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். பிடரியிலிருந்து வால் வரைக்கும் தோல் கழன்றிருந்தது. "ஒங்ககிட்ட விட்டுட்டா மனசுக்குக் கவல இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மழைக்காலம் பூராவும் கற்றாழைச் சோறும் மஞ்சளுமாக நாகலெட்சுமி அவளைக் காத்தாள். ஈ முட்டை வைக்காமல் பழைய சேலைத் துண்டால் போர்த்தி அடுப்படியில் படுக்க வைத்தாள். புண் ஆறியது. மயிர் முளைக்கவில்லை. முதுகு நெடுக ரோஸ் நிறத்தில் வெறும் தோல். யாராவது கேத்தலைக் கையில் எடுத்தால் போதும், நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். அதற்காக அந்த வீட்டில் பால் போடாத சாயத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் செவப்பியை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிழ நாய்கள். லயத்தில் முணுமுணுப்பு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? மாசி மாதத்தில் ஒரு நாள் மனசில்லாமல்தான் கொடுத்தனுப்பினாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற தன்னுடைய பழைய படங்குச் சாக்கைக் கிழித்து, இரண்டாய் மடித்துத் தைத்து, கழுத்துப் பட்டி போட்டுவிட்டாள். எல்லா நாய்க்கும் அப்படி ஒன்று தைத்துப் போட்டுத்தான் அனுப்புவாள்.

பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டி இரண்டைச் சேலையில் முடிந்துகொண்டு, அட்டை கடிக்காமல் காலில் உப்புத் தடவிக்கொண்டு, முதல் தடவையாக மேலே ஏறினாள்.

பனி இறங்கிக் கிடந்தது. பட்டிக்குள் மாடுகள் காய்ந்த புல்லில் படுத்திருந்தன. தகரக் கூரை, நாலு பக்கமும் பலகை, மூலையில் தணல். செவப்பி அங்கே இல்லை. பட்டியைத் தாண்டி, கல் எறிகிற தூரத்தில், காட்டிலிருந்து வருகிற தடத்தின் வாயில் ஒரு கொய்யாக் குற்றி இருந்தது. அதில் அவளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. மேலே ஓலைகூட இல்லை. மழையில் ஊறிய வெறும் முதுகு நீலம் பாரித்திருந்தது. இவளைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு பாய முயன்று, சங்கிலி எட்டாமல் குப்புற விழுந்தாள்.

வீரய்யா புல்லுக் கட்டோடு வந்தான். அறுபது வயது ஆள், பீடி வாயிலிருந்து இறங்காது.

"வா தங்கச்சி. இந்த மழையில ஏன் ஏறி வந்த? செல்லசாமி வெள்ளனயே மாட்டப் பாத்துட்டுப் போயிட்டானே."

"செவப்பியப் பாக்க வந்தேண்ணே. ஏன் இத இவ்வளவு தூரத்துல கட்டியிருக்கீங்க? பட்டியில எடம் இல்லியா?"

"பட்டியில கட்டுனா என்ன பிரயோசனம்?"

"நனையுதுண்ணே."

"நனையட்டும். எத்தன நாளைக்கு நனையப் போவுது? இன்னும் பெரியவரு எறங்கல. இந்த வருசம் மழை கூடிப்போச்சு, அதான். போன தடவ குடுத்தியே மூணு கால் நாயி, அது ரெண்டு நாளு தாங்கல."

பெரியவர் என்றால் யார் என்று நாகலெட்சுமிக்குத் தெரியும். பேப்பரில் சிறுத்தை என்று எழுதுவார்கள், லயத்தில் புலி என்பார்கள், காட்டோரத்தில் இருக்கிறவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். தெரிந்தும் அவளுக்குப் பேச்சு விளங்கவில்லை. பட்டியின் வெளிப்பக்கத் தூணைப் பார்த்தாள். ஆணியில் சாக்குப் பட்டிகள் தொங்கின. ஒன்றின்மேல் ஒன்றாக, மழைக்கும் புகைக்கும் கறுத்துப்போய். தையல் அவளுடையது. அவள் ஒன்றைக் கையில் எடுத்து மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"கழட்டி வச்சிருக்கேன், ஒனக்குத் திருப்பிக் குடுக்கலாம்னு. தைக்கிற வேல மிச்சமில்லியா" என்றான் வீரய்யா.

"காவலுக்குன்னுதானேண்ணே கேட்டீங்க."

"காவலுக்குத்தான். கொரைச்சாலும் காவல். கொரைக்காட்டியும் காவல். தடத்துல ஒரு பங்கு வச்சுட்டா அது பட்டிக்குள்ள வராது. தின்னுட்டுத் திரும்பிரும். எங்கப்பன் காலத்துலேருந்து நாங்க ஒரு கன்னுக்குட்டி குடுத்ததில்ல."

"நீங்க கீழ வர்றப்ப கேட்டா, ஓடிப்போச்சுன்னு சொன்னீங்க. கீழ ஊரு நாட்டுக்காரர் ஒருத்தர் ஆசப்பட்டு வாங்கிட்டுப் போனாருன்னு சொன்னீங்க."

வீரய்யா பீடியை வாயிலிருந்து எடுத்தான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அது மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற பேச்சு தங்கச்சி. எழவு வீட்டுல, செத்தவன் சாமிகிட்ட போயிட்டான்னு சொல்றதில்லியா? அத நம்பி யாரும் பஸ் ஏறித் தேடிப் போறதில்ல. நீயும் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டன்னு நெனச்சேன். ஒத்தக் கண்ணு நாய, கால் இல்லாத நாய வேற எதுக்கு ஒருத்தன் வாங்குவான்? நீ வெவரம் தெரிஞ்சவ."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"ஒம் மாட்டுக்கும் சேத்துத்தான் கட்டுறேன். செனையா நிக்கிது, இன்னிக்கோ நாளைக்கோன்னு. இத அவுத்துட்டா அப்புறம் என்னக் கேக்காத."

அவள் அவிழ்த்தாள். ரொட்டி சேலை முடிச்சிலேயே இருந்தது. நாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தேயிலைக்குள் குறுக்கு வழியில் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள்.

லயத்து முகப்பில் உள்ள தண்ணிப் பீலியில் தெரேசா துணி அலசிக்கொண்டிருந்தாள். அடுத்த காம்பரா, மாதா படத்துக்கு முன்னால் அணையாமல் விளக்கு வைக்கிறவள், ஒரு எறும்பைக்கூட வேண்டுமென்று மிதிக்க மாட்டாள்.

"என்னக்கா, திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்க? மாடு கன்னு போடுற நேரத்துல?"

நாகலெட்சுமி நின்றுவிட்டாள். "ஒனக்கும் தெரியுமா தெரேசா?"

"என்னது?"

"மேல நாயி எதுக்குன்னு."

தெரேசா துணியைக் கல்லில் வைத்தாள். "எங்க பப்பிய ஒங்க கையில குடுக்கறப்ப அப்பிடி அழுதேனேக்கா. எதுக்கு அழுதேன்னு நெனச்சீங்க?"

"பிரியிறோமேன்னு அழுவுறன்னு நெனச்சேன். பால் ஊத்துற எடத்துல நல்லா இருக்கும்னு ஒனக்கு ஆறுதல் சொன்னேனே."

"நீங்க சொன்னது எனக்கு அப்பிடித் தெம்பா இருந்துச்சுக்கா. வெஷம் வச்சா பாவம். ரோட்டுல விட்டா பட்டினி கெடந்து சாகும். ஒங்ககிட்ட குடுத்தா ஒரு மாட்டக் காப்பாத்திட்டுப் போவுதுன்னு மனச ஆத்திக்கலாம். இந்த லயத்துல எல்லாரும் அப்பிடித்தானே. நீங்க ஒரு வாரம், பத்து நாளு வச்சு, சோறு போட்டு, புண்ணு ஆத்தி, நல்லபடியா அனுப்புவீங்க. வேற யாரு அப்பிடிச் செய்வா? புண்ணியவதின்னுதான் சொல்லுவோம்."

அவள் மனசாரச் சொன்னாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் இல்லை, பாவமும் இல்லை, புண்ணியம் என்று பெயர் வைத்துத் தலையில் சூட்டியிருக்கிறார்கள். "ஒங்ககிட்ட விட்டா கவல இல்ல" என்று சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக நாகலெட்சுமிக்கு வந்தன. அழகுமுத்து, ஸ்டோர் வாச்சர், பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கிற ஆயா. அத்தனை பேரும் ஒரே அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒருத்திதான் வேறு அர்த்தத்தில் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் செல்லசாமி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். நாயைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி கிழங்கைப் பார்த்தான்.

"ஒங்களுக்கும் தெரியும்" என்றாள்.

"தலையத் தொவட்டு மொதல்ல. சளி புடிக்கும்."

"தெரியுமா, இல்லியா?"

"நாந்தானே கயித்தப் புடிச்சு இழுத்துட்டுப் போறேன். தெரியாம எப்பிடி இருக்கும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல. இந்தக் கையாலதானே சோறு போட்டேன். இந்தக் கையாலதானே கழுத்துக்குத் தச்சுப் போட்டேன்."

"சொன்னா நீ நிறுத்திருவ."

"நிறுத்துவேந்தான்."

"நிறுத்துனா மாடு போயிரும். மாடு போனா நான் எதுக்கு நாகு?" அவன் குரலை உயர்த்தவில்லை. "காலையில எந்திரிச்சு ஏறிப் போறதுக்கு ஒரு எடம் இருக்கு. கேன்ல பால் எடுத்துட்டு எறங்கறப்ப, தோட்டத்து வேலைய மேற்பாக்குற கண்டாக்கையா கூட, என்னா செல்லசாமி, எத்தன போத்தல்னு கேப்பாரு. அது இல்லன்னா நான் இந்த இஸ்தோப்புல குந்திக்கிட்டு, நீ எப்ப வருவ, எப்ப சோறு போடுவன்னு பாத்துக்கிட்டிருக்கணும். அப்ப எனக்கும் இந்த நாய்ங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் உரித்த கிழங்கை எடுத்து உலையில் போட்டாள். அடுப்பில் கிழங்கு கொதித்தது. இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை பசு கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கிடேரிக் கன்று. செல்லசாமி சீம்பாலைச் சர்க்கரை போட்டு அவித்து, லயம் முழுக்க ஒவ்வொரு கிண்ணம் கொடுத்தான். அவன் அப்படிச் சிரித்து நாகலெட்சுமி வருஷக்கணக்காகப் பார்க்கவில்லை. தெரேசா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "இப்ப என்னக்கா செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

நாகலெட்சுமி சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்து, தாயையும் கன்றையும் மெதுவாக நடத்திக் கீழே கொண்டுவந்து, லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தில் படங்கால் கூரை போட்டுக் கட்டினாள். மறுநாள் பெரட்டுக்களத்தில் கண்டாக்கையா கூப்பிட்டார். லயத்துப் பக்கம் மாடு கட்டக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம், சாணி பீலித் தண்ணியில் கலக்கிறது என்று யாரோ போய்ச் சொல்லியும் விட்டார்கள். கெஞ்சிப் பார்த்தாள். "ஒனக்கு மட்டும் விட்டா நாளைக்கு நூறு மாடு நிக்கும்" என்றார். அதில் நியாயம் இல்லை என்று சொல்லவும் முடியாது. மாடும் கன்றும் மறுபடி மேலே போயின.

"செவப்பிய ஒரு வாரத்துக்குக் குடு. கன்னு காலு ஊனுற வரைக்கும்" என்று கேட்டான் செல்லசாமி.

"மாட்டேங்க."

"ஒரு வாரந்தான்."

"கேக்காதீங்க. கேட்டா நான் குடுத்துருவேன். அதனால கேக்காதீங்க."

அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கம்பளியும் தகர டின்னும் எடுத்துக்கொண்டு, தானே போய்ப் பட்டியில் படுத்தான். நெருப்பு மூட்டி, அடிக்கொரு தரம் டின்னைத் தட்டிக்கொண்டு கிடந்தான். நாலைந்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு காற்றோடு சரியான மழை பிடித்தது. விறகு நனைந்தது. உடைந்த முழங்கால் வீங்கி, அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த ஒரு ராத்திரி அவன் கீழே படுத்தான். விடிந்ததும் வீரய்யா வந்து வாசலில் நின்றான். சொல்ல என்ன இருக்கிறது?

புலி பலகையை விலக்கிக் கன்றை இழுத்துக்கொண்டு போயிருந்தது. தேயிலைக்குள் கொஞ்ச தூரம் வரைக்கும் தடம் தெரிந்தது. தாய்ப்பசு கழுத்துக் கயிறு அறுபடுகிற மாதிரிக் கத்திக்கொண்டு நின்றது.

லயத்து ஆட்கள் துக்க வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். சாயத்தண்ணி குடித்தார்கள். நாகலெட்சுமியை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். செல்லசாமி கூட ஏசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அது கத்துறது கேக்குதா?" என்று மட்டும் கேட்டான். அவ்வளவு உயரத்திலிருந்து கேட்க வழியில்லை. "கேக்குதுங்க" என்றாள் நாகலெட்சுமி.

காய்ச்சல் விட்டதும் மாட்டை விற்றுவிடச் சொன்னான். பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து செல்லசாமி இஸ்தோப்பில் உட்கார்ந்தான். விடிய முன்னம் வழக்கம்போல விழித்துக்கொள்வான், சட்டையைப் போடுவான், பிறகு உட்கார்ந்துகொள்வான். செவப்பி அவன் காலடியில் போய்ப் படுக்கும். அவன் அதைத் துரத்தவும் இல்லை, தடவவும் இல்லை. நாகலெட்சுமிக்கு வேலைக்காட்டில் தேயிலை நிரையில் நிற்கும்போதெல்லாம் அந்த இஸ்தோப்புத்தான் கண்ணில் நின்றது. நான் செய்தது சரி என்று சொல்லிக்கொள்வாள். ஒரு கூடை நிறைவதற்குள் அது பத்துத் தடவை பொய்யாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், மழை விட்ட நேரத்தில், அறிமுகம் இல்லாத ஒரு ஆள் ரோட்டிலிருந்து ஏறி வந்தான். தோளில் சாக்கு, கையில் குடை, சப்பாத்தெல்லாம் சேறு. கினிகத்தேனையில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவனாம், பேர் றிச்சர்ட் என்றான்.

"நாயி எடுக்கிற வீடு இதானேங்க?"

செல்லசாமி தலையைத் தூக்கவில்லை. நாகலெட்சுமி படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசலுக்கு வந்தாள்.

"யாரு சொன்னா?"

"கடைக்கு வார லொறிக்காரங்க சொன்னாங்க. எங்க முதலாளி வீட்டுல வேண்டான்னுட்டாங்க. ஆத்துல போடச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல. இங்கன்னா ஒரு ஒபயோகமா இருக்கும்னு…"

"இங்க மாடு இல்ல. வித்தாச்சு. இனிமே இங்க நாயி எடுக்கிறதில்ல."

"அப்பிடிங்களா?" அவன் முகம் வாடிவிட்டது. இரண்டு பஸ் மாறி, மழையில் நடந்து வந்திருக்கிறான். கெட்டவனாகத் தெரியவில்லை. சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு மேலே பார்த்தான். "அப்ப மேல பட்டி வச்சிருக்கிறவருகிட்ட நானே நேரா குடுத்துர்றேன். இந்தப் பாதைதானேங்க?"

மறுபடி தூறல் விழுந்தது. அவன் குடையை விரித்துக்கொண்டு, பீலியைத் தாண்டி, தேயிலைக்குள் போகிற படியில் கால் வைத்தான். சாக்கு அசைந்தது.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். செல்லசாமி இப்போது தலையைத் தூக்கி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். போகட்டும் என்றும் சொல்லவில்லை, கூப்பிடு என்றும் சொல்லவில்லை. அவள் அடுக்களை மாவு டின்னை நினைத்தாள். இருக்கிற மூன்று நாயையும், லயத்து முணுமுணுப்பையும், இனி வரப்போகிற எல்லாச் சாக்குகளையும் நினைத்தாள்.

"தம்பி, நில்லுங்க" என்று கூப்பிட்டாள். "இங்க குடுங்க."

அவன் சந்தோஷமாகத் திரும்பி வந்தான். "புண்ணியமாப் போவும்க்கா" என்று கும்பிட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக இறங்கிப் போனான். நாகலெட்சுமி இஸ்தோப்பில் உட்கார்ந்து சாக்கின் கட்டை அவிழ்த்தாள். உள்ளே ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள். தாயும் கண் திறக்காத குட்டிகளுமாக இருந்தன.